கரகாட்டக் குழு: ஆட்டம் அருமை, அனுமதிதான் அலைச்சல்

எங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கலுக்குத் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஒரு கரகாட்டக் குழுவைக் கூப்பிட்டிருந்தோம். கமிட்டியில் வரவு செலவு என் பொறுப்பு. கூப்பிட நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கரகத்துக்கு இரண்டு பெண்கள், நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, தமுக்கு, ஒரு பஃபூன். வேன் வாடகையோடு 48,000 ரூபாய். சொன்ன ஆட்கள் சொன்னபடி வந்தார்கள். அதுவே இந்தக் காலத்தில் பெரிய விஷயம்.

மூத்த கரகக்காரருக்கு ஐம்பது வயதாவது இருக்கும். தவில்காரர் கதியை மாற்றி மாற்றி அவரை மடக்கப் பார்க்கிறார். அந்த அம்மா சலங்கையிலேயே பதில் சொல்கிறார். கரகத்தின் உச்சியில் பொம்மைக் கிளி சுற்றுகிறதே தவிர, சொம்பு அசையவில்லை. பின்பக்கமாக வளைந்து, தரையில் கிடந்த ஊசியைக் கண் இமையால் எடுத்தபோது மேளக்காரர்களே வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நடுநடுவே சினிமாப் பாட்டு கொஞ்சம் அதிகம். ஆனால் அதைக் கேட்டு விசிலடித்தது எங்கள் ஊர்ப் பையன்கள்தான், குழுவை மட்டும் சொல்லி என்ன பயன்?

முன்பெல்லாம் குறவன் குறத்தி ஆட்டம் இல்லாமல் கரகம் கிடையாது. குறவர் சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்று 2023-இல் அரசு அதற்குத் தடை போட்டது. பெரிசுகள் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த நேரத்தைப் பஃபூனும் இளைய கரகக்காரரும் எதிர்ப்பேச்சுப் பேசியே நிரப்பிவிட்டார்கள்.

சரி, அனுமதிக்கு வருவோம். காவல் நிலையத்தின் பெயர் வேண்டாம். மனுவை நீட்டியதும், "ஆடல் பாடலா?" என்றார்கள். கரகாட்டம் சார் என்றோம். "எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒரு நிபந்தனைத் தாளைக் கொடுத்தார்கள். ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதி, கட்சி பற்றிப் பாட்டோ பேனரோ கூடாது. இவற்றில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ரெக்கார்டு டான்ஸ் பெயரில் நடந்த கூத்தால் வந்தவை இவை. பல ஊர்க்காரர்கள் அனுமதிக்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய் உத்தரவு வாங்கி வருவதும் தெரிந்ததுதான்.

என்ன பாட்டு, என்ன வசனம் என்று முழுவதும் எழுதித் தரச் சொன்னார்கள், அதுதான் பொறுக்கவில்லை. பஃபூன் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்து அந்த நிமிஷத்தில் பேசுவதை யார் எழுதித் தருவது? நாடகத்துக்கு முன்கூட்டியே ஸ்கிரிப்ட் கேட்ட 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளையே, எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி போட்ட வழக்கில் 2013-இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. எங்களிடம் கேட்டவருக்கு அது எட்டவில்லை போலும். கடைசியில் பாட்டுப் பட்டியலோடு விட்டார்கள்.

அப்புறம் நேரம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு வருஷத்துக்கு 15 நாள் வரை நள்ளிரவுவரை தளர்த்தலாம். அந்தப் பதினைந்தில் எங்கள் ஊர்ப் பொங்கல் எங்கே வரப்போகிறது? மைக்கை அணைத்துவிட்டு வெறும் மேளத்தோடு ஆடட்டுமா என்று கேட்டேன். வாத்தியங்களும் விதிக்குள் வரும் என்றார் பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டு. அவர் சொன்னது சரிதான், திறந்தவெளிக்கு அப்படித்தான் விதி. அம்மனுக்குத் தீபாராதனை முடிந்து எட்டரைக்கு ஆரம்பித்தால் ஒன்றரை மணி நேரம்தான். விடிய விடிய ஆடப் பழகியவர்கள், சூடு பிடிக்கும்போது சலங்கையைக் கழற்றினார்கள். பங்குனியிலிருந்து ஆடிவரைதான் இவர்களுக்குச் சீசன். ஒரு ஊரில் அனுமதி கிடைக்காவிட்டால் அந்த நாள் கூலி போச்சு.

குழுவுக்கு ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் சினிமாப் பாட்டுக்குப் பிடித்தது. கூப்பிடுகிறவர்கள் மனுவில் "கலை நிகழ்ச்சி" என்று பொதுவாக எழுதாமல் கரகாட்டம், நையாண்டி மேளம் என்றே எழுதுங்கள், கலைஞர்களின் நல வாரிய அட்டை நகலையும் வையுங்கள். பூஜையை ஏழு மணிக்குள் முடியுங்கள். பெண்கள் உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை ஏற்பாடு செய்யுங்கள்; நாங்கள் பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கினோம்.