வயித்த அமுக்கினா கேஸ் போகுமா? அக்குபிரஷர் சென்டர் போயிட்டு வந்தேன்
மூணு மாசமா வயிறு உப்புசம், ரெண்டு இட்லி சாப்ட்டாலே பலூன் மாதிரி ஆயிடும், ஓமத் தண்ணி, பிங்க் சிரப்னு எல்லாம் குடிச்சு பாத்தாச்சு, அப்புறம்தான் எங்க ஏரியால இருக்கற ஒரு அக்குபிரஷர் சென்டருக்கு போனேன். ஒரு சிட்டிங் 400 ரூபா. மல்லாக்க படுக்க வச்சு முட்டிய மடக்க சொன்னாங்க, அப்பதான் வயிறு லூசாகும். தொப்புளுக்கும் நெஞ்செலும்பு முடியற எடத்துக்கும் நட்ட நடுவுல ஒரு பாயிண்ட், சைனீஸ்ல சோங்வான்னு பேரு, அதுல விரல வச்சு நான் மூச்சு விடும்போது மட்டும் மெதுவா அமுக்குறாங்க. அப்புறம் தொப்புளுக்கு ரெண்டு பக்கமும் மூணு விரல் தள்ளி தியான்ஷுன்னு இன்னொரு பாயிண்ட். கடைசில வலது அடிவயித்துலேர்ந்து மேல ஏறி, குறுக்க போயி, இடது பக்கம் எறங்கற மாதிரி தேய்ச்சாங்க, பெருங்குடல் போற ரூட்டே அதான். பத்தாவது நிமிஷம் வயிறு கடமுடான்னு சத்தம், பக்கத்து பெட்ல ஆள் வேற, மானமே போச்சு, ஆனா சத்தியமா லேசாச்சு.

கடுப்பு என்னன்னா வயிறு காலியா வரணும்னு போன்ல சொல்லவே இல்ல, பிரியாணி சாப்ட்டு போனவன ஒன்றரை மணி நேரம் உக்கார வச்சுட்டாங்க. 10 சிட்டிங் பேக்கேஜ தலைல கட்ட பாத்தாங்க, நான் வாங்கல. அல்சர் குணமாகும்னு போர்டுல போட்டுருக்கறதெல்லாம் நம்பாதீங்க. மாசமா இருக்கறவங்க, ஹெர்னியா உள்ளவங்க, புதுசா வயித்துல ஆபரேஷன் பண்ணவங்க இந்த பக்கமே போகாதீங்க, மலத்துல ரத்தம் வந்தா நேரா டாக்டர்தான்.

5க்கு 3 ஸ்டார். இப்ப காலைல காபிக்கு முன்னாடி வீட்லயே அஞ்சு நிமிஷம் நானே அமுக்கிக்கறேன், ஓடுது.