80, 100, 120, 140: சி.ரி. ஸ்கேனில் எந்தக் கிலோவோல்ற்று எதற்கு?

எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தத்தை 120 கிலோவோல்ற்று என்று வைத்தாலும் எல்லா எக்ஸ்ரே போட்டோன்களும் (கதிரின் சக்தித் துணுக்குகள்) 120 கிலோ இலத்திரன்வோல்ற்று சக்தியுடன் வருவதில்லை. அது உச்சவரம்பு மட்டுமே. வடிகட்டியைத் தாண்டி வரும் கற்றையின் சராசரி ஏறத்தாழ 60 முதல் 70 வரை. 80 இல் வைத்தால் 50 ஐ ஒட்டி இறங்கும். கொன்ராஸ்ட் மருந்திலுள்ள அயடீனின் கே விளிம்பு, அதாவது எக்ஸ்ரேயை அது திடீரென அதிகமாக உறிஞ்சத் தொடங்கும் சக்தி, 33.2. சராசரி அதை நெருங்க நெருங்கக் கொன்ராஸ்ட் ஓடும் இரத்தக் குழாய் பிரகாசமாகும். 120 இல் 300 ஹவுன்ஸ்பீல்ட் (படத்தில் பிரகாசத்தை அளக்கும் அலகு) காட்டும் நாடி 100 இல் 375 ஐயும், 80 இல் 500 ஐயும் ஏறத்தாழத் தொடும்.

எனவே மெல்லிய உடல்வாகுள்ளவருக்கு அஞ்சியோகிராம் (இரத்தக் குழாய்களின் படம்) என்றால் 120 ஐவிட 100 தான் எங்கள் தெரிவு. எம்.ஏ.எஸ். அளவை (குழாய் மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கிய அளவு) மாற்றாவிட்டால் கதிர்வீச்சு மூன்றில் ஒரு பங்கு குறையும். கொன்ராஸ்ட் மருந்தையும் குறைக்கலாம், சிறுநீரகம் பலவீனமானவருக்கு அது பெரிய உதவி.

80 இலாபமாகத் தெரிந்தாலும் பிள்ளைகளுக்கும் மிக மெலிந்தவர்களுக்குமே பொருந்தும். பருத்த உடலில் போட்டோன்கள் உள்ளேயே உறிஞ்சப்படும். தானியங்கிக் கட்டுப்பாடு மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போய் எக்ஸ்ரே குழாயின் உச்ச எல்லையில் முட்டி நிற்கும். அதற்குமேல் தோள், இடுப்பு மட்டங்களில் குறுக்கே கீற்றுகள்தான்.

140 வேறு கதை. இடுப்பில் உலோக மூட்டு உள்ளவர், மிகவும் பருத்தவர் ஆகியோருக்கு அது ஊடுருவும். மண்டையோட்டின் அடியில் காதருகே உள்ள பெற்றோஸ் எலும்புகளுக்கு இடையே விழும் கருங்கீற்றும் தணியும். ஆனால் மூளையின் சாம்பல், வெண் பகுதிகளின் வேறுபாடும் மங்கிவிடும். எம்.ஏ.எஸ். குறைக்காவிட்டால் கதிர்வீச்சு 120 ஐவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

80 உம் 140 உம் சேர்த்து எடுக்கும் இரட்டைச் சக்தி முறைக்குத் தனி இடமுண்டு. சிறுநீரகத்திலுள்ள யூரிக் அமிலக் கல்லின் ஹவுன்ஸ்பீல்ட் எண் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. கல்சியக் கல்லின் எண் 140 இல் நன்றாக இறங்கும். கரைக்கக்கூடிய கல்லா என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

கொழும்பில் ஒரு தனியார் நிலையத்தில் எடுத்த படத்தோடு பிறகு தேசிய வைத்தியசாலைக்குப் போகும் நோயாளருக்கு இன்னொரு சிக்கல் வரலாம். நீர் எந்த வோல்ற்றிலும் 0; அயடீனும் கல்சியமும் அப்படியல்ல. கொன்ராஸ்ட் கொடுத்தபின் சிறுநீரகக் கட்டி 120 இல் 20 அலகு ஏறியிருந்தால், அதே கட்டி 80 இல் 30 க்குமேல் ஏறும். படத்தின் ஓரத்திலுள்ள கிலோவோல்ற்றைப் பார்க்காமல் இரு அறிக்கைகளையும் ஒப்பிட முடியாது. இதய நாடிகளின் கல்சிய மதிப்பெண்ணுக்கு உரிய 130 ஹவுன்ஸ்பீல்ட் என்ற வரம்பும் வழமையாக 120 இல் எடுக்கும் படத்துக்கானது. 100 இல் எடுத்தால் அதே படிவு கூடிய மதிப்பெண் பெறும். அந்தப் பரிசோதனையில் 120 ஐ மாற்றக்கூடாது.