வண்டு ஆய்வாளரின் மேசையில் ஜி.பி.ஐ.எஃப்.: ஒரு மதிப்புரை

வண்டுகளின் வகைப்பாட்டிலும் பரவலிலும் நான் ஆய்வைத் தொடங்கிய காலத்தில், ஒரு சிற்றினம் எங்கெங்கே வாழ்கிறது என்று அறிய அருங்காட்சியகங்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பதில் வர மாதக்கணக்கில் ஆகும். வந்த பிறகு மாதிரிகளைக் கடனாகப் பெற்று, ஊசியின் அடியில் செருகியிருக்கும் சிறு சீட்டுகளை உருப்பெருக்கியின் கீழ் படித்து, அதில் உள்ள ஊர்ப் பெயரை நிலவரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்து, ஒரு புள்ளி வைப்போம். அந்த வேலையின் முதல் பாதியை இன்று ஜி.பி.ஐ.எஃப். எனப்படும் உலகளாவிய பல்லுயிர்த் தகவல் வசதி சில நிமிடங்களில் முடித்துத் தருகிறது. இரண்டாம் பாதி இன்னும் நம் கையில்தான் இருக்கிறது என்பதே நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின் நான் சொல்ல விரும்புவது.

பல நாட்டு அரசுகளின் ஆதரவுடன் 2001-இல் உருவான இச்சேவையின் செயலகம் கோபன்ஹேகனில் உள்ளது. தேடுவதற்கும் தரவிறக்குவதற்கும் கட்டணம் இல்லை. அருங்காட்சியகங்களும் ஆய்வு நிறுவனங்களும் தங்கள் பதிவுகளை ‘டார்வின் கோர்’ என்ற பொது வடிவத்தில் அளிப்பதால், வெவ்வேறு கண்டங்களில் இருக்கும் பெட்டிகளை ஒரே தேடலில் திறந்து பார்ப்பது போன்ற வசதி கிடைக்கிறது. பதிவுகளின் எண்ணிக்கை 2022-இல் 200 கோடியைக் கடந்தது. ஆனால் அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை பறவைகளைப் பற்றியவை. ஏறத்தாழ 4 லட்சம் சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ள வண்டுகளுக்குக் கிடைத்திருக்கும் இடம் அவற்றின் வகைமைக்கு ஈடானதல்ல.

நன்கு அறியப்பட்ட, பெரிய உருவமுள்ள வண்டுகளுக்கு இச்சேவை மிகச் சிறப்பாகப் பயன்படுகிறது. தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டை எடுத்துக்கொள்வோம். தெற்கு, தென்கிழக்கு ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட அது, 1909-இல் இலங்கையிலிருந்து சென்ற ரப்பர் நாற்றுகளோடு சமோவாவை அடைந்தது. 2007-இல் குவாமிலும் 2013-இல் ஹவாயிலும் கண்டறியப்பட்டது. இத்தகைய பரவலை ஆண்டுவாரியாகப் பிரித்து வரைபடத்தில் பார்க்க முடிவது, என் தலைமுறை ஆய்வாளர்களுக்குப் பெரும் வரம்.

சிறிய வண்டுகளிடம் வரும்போது நிலைமை மாறுகிறது. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள பல சிற்றினங்களை வெளித்தோற்றத்தை வைத்துப் பிரிக்க இயலாது. ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, அதன் வடிவத்தை ஒப்பிட்டாக வேண்டும். வரைபடத்தில் உள்ள புள்ளியோ, அவ்வாறு சோதித்த மாதிரியையும், ஒளிப்படத்தைப் பார்த்துப் பெயரிட்ட பதிவையும் ஒரே வண்ணத்தில் காட்டிவிடுகிறது. பதிவின் அடிப்படை என்ன என்று வடிகட்டும் வசதி உண்டு; பாதுகாக்கப்பட்ட மாதிரிகளை மட்டும் தேர்ந்தெடுத்துத் தொடங்குமாறு என் மாணவர்களிடம் எப்போதும் வலியுறுத்துவேன். அதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல. ஒரு சிற்றினம் இரண்டாகப் பிரிக்கப்பட்டால், மாதிரியை யாராவது மீண்டும் ஆராய்ந்து சீட்டை மாற்றும்வரை பழைய பதிவுகள் பழைய பெயரிலேயே நீடிக்கும். நான் வரைந்த முதல் பரவல் வரைபடங்களில் ஒன்று இந்தக் காரணத்தால் பிழையானது. இரண்டு சிற்றினங்களை ஒன்றாகக் காட்டியிருந்தேன், அதைத் திருத்தி எழுத ஓராண்டு செலவாயிற்று.

ஆயத்தொலைவுகளிலும், அதாவது இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களிலும், கவனம் தேவை. நாட்டின் பெயர் மட்டுமே எழுதப்பட்ட பழைய சீட்டுக்கு அந்நாட்டின் நடுப்புள்ளியைக் கொடுத்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருப்பதால், மழைக்காட்டு வண்டு வறண்ட நிலத்தில் நிற்பதுண்டு. இடம் நிரப்பப்படாத பதிவு, இரண்டு எண்களும் சுழியம் பாகையாகி, ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் போய் விழும். இவற்றில் பலவற்றை இச்சேவையே எச்சரிக்கைக் குறியிட்டுக் காட்டுகிறது. அந்தக் குறிகளைப் பார்க்காமல் தரவிறக்குவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. புள்ளி இல்லாத இடத்தில் வண்டு இல்லை என்று முடிவு கட்டுவது அதைவிடப் பெரிய தவறு, ஏனெனில் யாரும் பொறி வைத்துத் தேடாத காடுகள் ஏராளம்.

பிழையைக் கண்டால் பதிவை அளித்த நிறுவனத்திற்குத்தான் எழுத வேண்டும், ஜி.பி.ஐ.எஃப். தானாகத் திருத்துவதில்லை. மூலச் சீட்டு யாரிடம் இருக்கிறதோ அவரே திருத்துவது சரியான முறை என்று நான் கருதுகிறேன், தாமதம் வருத்தினாலும். நான் எழுதிய ஓர் இடத்தில் ஒரே வாரத்தில் சீட்டின் படத்தை அனுப்பித் திருத்திவிட்டார்கள். வேறோர் இடத்திலிருந்து இன்றுவரை பதில் இல்லை.

ஒவ்வொரு தரவிறக்கத்திற்கும் டி.ஓ.ஐ. எனப்படும் தனி, நிலையான மின்னணு அடையாள எண் வழங்கப்படுகிறது. ஆய்வுக் கட்டுரையில் அதைக் குறிப்பிட்டால், அந்த மாதிரிகளைப் பல்லாண்டுகளாகப் பூச்சி அரிக்காமல் காத்துவந்த அருங்காட்சியகங்களின் கணக்கில் அந்தப் பயன்பாடு பதிவாகிறது. தரவைப் பயன்படுத்தும் எவரும் தயவுசெய்து இந்த எண்ணை விட்டுவிட வேண்டாம்.