ஒரே வீடியோ, நாலு தளம்: இரும்புத் தோசைக்கல் விற்பனையில் நீண்ட நாள் பயன்படுத்திப் பார்த்த முறை

சின்ன வியாபாரத்தில் ரீல்ஸுக்கு ஒன்று, ஷார்ட்ஸுக்கு ஒன்று, ஃபேஸ்புக்குக்கு ஒன்று என்று தனித்தனியாக வீடியோ எடுத்தால் கட்டுப்படியாகாது. ஒன்றை எடுத்து நாலாக்குவதுதான் வழி. ஆனால் இதில் மிச்சமாவது படம் பிடிக்கும் நேரம் மட்டும்தான். எடிட்டிங் வேலை அப்படியே இருக்கும், கமெண்டுக்குப் பதில் போடும் வேலை நாலு மடங்காகும். இது தெரியாமல் இறங்குகிறவர்கள்தான் ரெண்டாவது மாதமே விட்டுவிடுகிறார்கள்.

இங்கே வரும் உதாரணமெல்லாம் இரும்பு, வார்ப்பிரும்புத் தோசைக்கல்லை ஆன்லைனில் விற்கும் பக்கங்களை வைத்துச் சொல்வது. தளங்கள் நாலு: இன்ஸ்டாகிராம், யூடியூப் ஷார்ட்ஸ், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். டிக்டாக் 2020 ஜூன் கடைசியிலிருந்து இந்தியாவில் கிடையாது. இலங்கையிலோ மலேசியாவிலோ விற்கிறவர்கள் அதை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம், முறை ஒன்றுதான்.

மாஸ்டர் சுத்தமாக இருக்கணும்

பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இது. இன்ஸ்டா ஆப்புக்குள்ளேயே எழுத்து, பாட்டு, ஸ்டிக்கர் எல்லாம் போட்டு ரீலை முடித்துவிடுவார்கள். பிறகு அதையே டவுன்லோட் பண்ணி ஷார்ட்ஸில் ஏற்றுவார்கள். ஏற்கெனவே ஒருமுறை அமுக்கப்பட்ட வீடியோ இன்னொரு முறை அமுங்கும். எண்ணெய் மினுமினுப்பு, ஆவி மாதிரி நுணுக்கமான இடங்களில் கட்டம் கட்டமாக உடையும். பாட்டு கழன்றுபோகும். எழுத்தை நகர்த்தவே முடியாது. டிக்டாக்கிலிருந்து இறக்கினால் லோகோவும் ஒட்டிக்கொண்டு வரும். வேறு ஆப்பின் லோகோ தெரியும் வீடியோவைப் பரிந்துரையில் குறைப்போம் என்று இன்ஸ்டாகிராம் 2021-இலேயே சொல்லிவிட்டது. யூடியூபும் 2022 முதல் இறக்கும் ஷார்ட்ஸில் தன் முத்திரையைப் பதிக்கிறது.

அதனால் எடிட்டிங்கைத் தளத்துக்கு வெளியே, விஎன், இன்ஷாட், டாவின்சி ரிசால்வ் என்று கைக்குப் பழகிய ஏதாவது ஒன்றில் செய்யுங்கள். படம், குரல், சத்தம், எழுத்து நாலும் தனித்தனி டிராக்கில் இருக்கட்டும். எழுத்தும் பாட்டும் விலையும் இல்லாத ஒரு பிரதியை முதலில் எக்ஸ்போர்ட் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் என்பது அதுதான். அளவு 1080க்கு 1920 பிக்சல், நொடிக்கு 30 ஃபிரேம், எச்.264 (வீடியோவை அமுக்கும் பொதுவான முறை). பிட்ரேட், அதாவது நொடிக்கு எவ்வளவு டேட்டா என்பது, 8 முதல் 12 எம்பிபிஎஸ் போதும். அதற்கு மேல் ஏற்றினாலும் தளம் அமுக்கத்தான் போகிறது. இன்ஸ்டாவில் ‘அதிகபட்சத் தரத்தில் ஏற்று’ என்று ஒரு அமைப்பு உண்டு. அது அணைந்திருந்தால் மொபைல் டேட்டாவில் ஏற்றும்போது தரம் தட்டும்.

படம் பிடிக்கும்போதே வரும் தொல்லைகள் மூன்று. முதலாவது டியூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் வரும் பட்டை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் ஷட்டர் வேகம் 1/60 நொடியில் இருந்தால் படம் துடிக்கும், 1/50 அல்லது 1/100 வைத்தால் நிற்கும். இரண்டாவது ஐபோனின் எச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் அமைப்பு. எடுக்கும்போது அழகாகத் தெரியும், ஆனால் தளத்துக்குத் தளம் வேறு மாதிரி வெளிறும். அணைத்துவிடுங்கள். மூன்றாவது கிளிப்பை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்புவது. கடைக்காரர் அப்படி அனுப்பிவிட்டால் அதைக் காப்பாற்ற வழியே இல்லை. ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். 4கே-யில் எடுத்தால் ஐபோனில் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி ஆகும். அதில் பிறகு நெருக்கமாக வெட்டிக்கொள்ளலாம் என்பதால் அந்த இடம் வீண் இல்லை.

ஒரு வீடியோ, மூன்று தொடக்கம்

‘புதுக் கல்லைப் பழக்குவது எப்படி’ என்ற வீடியோவையே எடுத்துக்கொள்வோம். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவது, வடிகஞ்சியில் ஊறவைப்பது, துடைத்துக் காயவைப்பது, நல்லெண்ணெய் தடவி அரை வெங்காயத்தால் அழுத்தித் தேய்ப்பது, முதல் தோசை பிய்ந்து வருவது, பிறகு ஒன்று முழுசாக எழும்புவது. எல்லாம் சேர்ந்தால் 50 நொடி. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னும் பின்னும் இரண்டு நொடி கூடுதலாக விட்டு எடுத்தால்தான் பின்னால் மாற்றி வெட்ட முடியும்.

தொடக்க ஷாட்டை மட்டும் மூன்று விதமாக எடுத்து வைக்கணும். ஒன்று, கரண்டி விளிம்பில் பட்டதும் தோசை தானாக எழும்புவது. இரண்டு, துருப்பிடித்த கல்லில் வெள்ளைத் துணியை ஒரு இழு இழுத்தால் துணி முழுக்கச் செம்மண் நிறமாவது. மூன்று, சூடான எண்ணெயில் வெங்காயம் பட்டு ‘சொய்ங்’ என்று சத்தம் வரும் நெருக்கக் காட்சி, மைக்கைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்து. மூன்றும் எடுக்கக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். இந்த முறையில் அதிகம் பலன் தரும் பத்து நிமிடம் அதுதான்.

இன்ஸ்டாவில் வெங்காயச் சத்தமோ தோசை எழும்புவதோ முதலில் வரட்டும். அங்கே பார்க்கிறவருக்குக் கல் வாங்கும் எண்ணமே இருக்காது, விரலை நிறுத்தினால் போதும். 30 முதல் 35 நொடிக்குள் முடியுங்கள்.

யூடியூபில் கதை வேறு. கல் வாங்கித் தோசை ஒட்டிப்போய், ‘இரும்பு தோசைக்கல் பழக்குவது எப்படி’ என்று தேடி வருகிறவர்கள் அங்கே உண்டு. அவர்களுக்கு வரிசை முக்கியம்: எத்தனை நாள் ஊறணும், என்ன எண்ணெய், அடுப்பு எவ்வளவு சூடு. தலைப்பில் தேடும் சொற்களை அப்படியே வையுங்கள், கவிதை வேண்டாம். 2024 அக்டோபர் 15 முதல் ஷார்ட்ஸ் 3 நிமிடம் வரை போகலாம் என்றாலும் இந்த விஷயத்துக்கு 60 நொடி தாராளம்.

ஃபேஸ்புக்கில் துருத் துணிதான். அங்கே அனுபவப்பட்ட கைகள் அதிகம். ‘கஞ்சி எதுக்கு, புளி போட்டுத் தேய்ச்சா போதும்’, ‘எங்க அம்மா விளக்கெண்ணெய்தான் தடவுவாங்க’ என்று கமெண்டில் பட்டிமன்றமே நடக்கும். அடக்காமல் விடுங்கள், வீடியோ நகர்வது அதனால்தான்.

ஸ்டேட்டஸுக்குப் பழக்கும் முறையே வேண்டாம். பார்ப்பவர் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர், அதாவது பாதி வாடிக்கையாளர். தோசை எழும்பும் ஷாட், கல்லைக் கையில் தூக்கிக் காட்டும் ஷாட், அளவு, எடை, இன்றைய விலை. 20 நொடி. 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் விலையைப் படத்தின் மேலேயே எழுத ஏற்ற இடம் இது ஒன்றுதான்.

எழுத்து எங்கே நிற்கணும்

விளம்பர ரீல்ஸுக்கு இன்ஸ்டா, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா சொல்லும் கணக்கு: மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம், இரு பக்கமும் 6 சதவீதம் காலியாக விடணும். 1920 பிக்சல் உயரத்தில் அது மேலே சுமார் 270, கீழே 670. பக்கங்களில் 65. இதைச் சாதாரண ரீலுக்கும் பின்பற்றினால் ஷார்ட்ஸுக்கும் அதே இடம் சரியாகப் பொருந்துகிறது. கீழே பெயரும் விவரமும் மறைக்கும், வலது பக்கம் லைக், கமெண்ட் பொத்தான்கள் வரும். ஆகவே எழுத்து சட்டத்தின் நடுவை ஒட்டி நிற்கட்டும். தோசைக்கல்லும் நடுவில்தான் இருக்கும் என்பதால், படம் பிடிக்கும்போதே கல்லைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்து மேலே இடம் விட்டுக்கொள்ள வேண்டும். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்யப் பார்த்தால் கல்லின் கைப்பிடி வெட்டுப்படும்.

இன்ஸ்டா அட்டைப்படத்துக்கு இன்னொரு கணக்கு. 2025 ஜனவரியில் புரொஃபைல் கட்டங்கள் சதுரத்திலிருந்து நெட்டையாக மாறின. பழைய சதுரக் கணக்கில் எழுதிய அட்டைகள் அலங்கோலமாகத் தெரிந்தது அதனால்தான். அட்டையை ரீலின் அதே 9:16 அளவில் செய்து, எழுத்தைச் சதுரத்துக்குள் அடங்கும்படி வைத்தால் எப்படி மாற்றினாலும் தப்பிக்கும்.

தமிழ் எழுத்து உடைவது தனித் தலைவலி. ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போவது எழுத்துருவின் குற்றம் அல்ல, மென்பொருளின் அமைப்பு. பிரீமியர் ப்ரோவில் கிராஃபிக்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சினை ‘சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்றினால் சரியாகும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், பாலு தம்பி, காட்டமரன் எல்லாம் இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். தமிழ்ச் சொற்கள் நீளம். ஒரு வரிக்கு மூன்று சொல், ஒரு நேரத்தில் இரண்டு வரி. அதற்கு மேல் போனால் படித்து முடிக்குமுன் ஷாட் மாறிவிடும்.

பாட்டு

சினிமாப் பாட்டை விட்டுவிடுங்கள். இன்ஸ்டாவில் பிசினஸ் கணக்குக்கு அந்தப் பாட்டுகள் பெரும்பாலும் கிடைக்காது. அதற்காகவே கணக்கைக் கிரியேட்டராக மாற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பொருள் விற்கும் வீடியோவுக்கு அது அனுமதி ஆகாது. ஒரு தளத்தின் நூலகப் பாட்டு இன்னொரு தளத்துக்குச் செல்லும் என்றும் நம்ப வேண்டாம். ஷார்ட்ஸில் 1 நிமிடத்தைத் தாண்டிய வீடியோவில் பாட்டின் உரிமையாளர் தரப்பில் உரிமைக் கோரல் விழுந்தால் வீடியோவே உலகம் முழுக்க முடங்கும். இரும்பில் கரண்டி உரசும் சத்தமும் எண்ணெய்ச் சத்தமும் குரலும் போதும். எந்தப் பாட்டையும்விட அது நன்றாகவே கேட்கிறது. முகம் காட்டிப் பேசாமல் குரலைத் தனியாகப் பதிவுசெய்தால், வரிசையை மாற்றி வெட்டும்போது உதட்டசைவு தொல்லையும் இல்லை.

விலையும் வழியும்

மாஸ்டரில் விலை, ‘தீபாவளி ஆஃபர்’, ‘இன்று மட்டும்’ எதுவும் கூடாது. யூடியூப் வீடியோவுக்கு எட்டு மாதம் கழித்தும் ஆர்டர் வரும். அப்போது பழைய விலையைக் காட்டிச் சண்டை பிடிப்பார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும். விலையைப் பின் செய்த கமெண்டில் போடுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.

லிங்க் விஷயத்தில் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு விதம். இன்ஸ்டா கேப்ஷனில் லிங்க் தொட்டால் திறக்காது. பயோவிலும் ஸ்டோரி ஸ்டிக்கரிலும் மட்டும். ஷார்ட்ஸ் விவரத்திலும் கமெண்டிலும் போடும் லிங்க் 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து வேலை செய்வதில்லை. சேனல் பக்கத்தில் வையுங்கள். ஃபேஸ்புக்கில் முதல் கமெண்டில் போடலாம். எங்கே போட்டாலும் அது வாட்ஸ்அப் சாட் லிங்க்காக இருக்கட்டும், முன்கூட்டி எழுதிய செய்தியைத் தளத்துக்குத் தளம் மாற்றி: ‘இன்ஸ்டாவில் தோசைக்கல் பார்த்தேன்’, ‘யூடியூபில் தோசைக்கல் பார்த்தேன்’. ஆர்டர் எங்கிருந்து வருகிறது என்பது எந்த மென்பொருளும் இல்லாமல் தெரிந்துவிடும். இதைச் செய்யாதவர்கள் வியூஸை வைத்து முடிவெடுக்கிறார்கள், அது தப்பு. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸில் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ. அந்த எண்ணை வைத்து ஆர்டரைக் கணிப்பதில் அர்த்தமே இல்லை. யூடியூப் ஸ்டூடியோ ஆப்பில் ‘பார்த்தவர், தள்ளிவிட்டவர்’ விகிதத்தைப் பாருங்கள், தொடக்க ஷாட் சரியா என்பதை அது சொல்லும்.

ஃபேஸ்புக்கில் ஒரு எச்சரிக்கை. ‘விலை?’ என்று கேட்டவருக்கு உங்கள் கடைப் பெயரில் வேறு யாரோ வேறு நம்பர் கொடுத்துப் பணம் வாங்கும் மோசடி நடக்கும். நாளுக்கு ஒருமுறையாவது கமெண்டைப் பார்த்து நீக்க வேண்டும்.

நீண்ட நாள் ஓட்டியபின் நிலவரம்

ஆர்டராக மாறுவதில் ஸ்டேட்டஸ் முதலிடம். ஆனால் புதிய ஆளைக் கொண்டுவராது, வந்தவரைத்தான் திரும்ப வரவைக்கும். யூடியூப் மெதுவாக ஆரம்பிக்கும், நிற்காமல் ஓடும். இன்ஸ்டா ரீல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடுகிறது, கேள்விகள் நிறைய, வாங்குவது குறைவு. ஃபேஸ்புக்கை ஏளனமாக நினைத்து விடுகிறவர்கள் வீட்டில் சமையலறை முடிவை எடுக்கும் வயதினரை இழக்கிறார்கள். லிங்க்ட்இன், எக்ஸ் இரண்டும் இந்தச் சரக்குக்கு வேண்டாம்.

ரீல்ஸை ஃபேஸ்புக்கிலும் சேர்த்துப் பகிரும் பொத்தானை அழுத்தினால் வேலை குறையும், ஆனால் இரண்டுக்கும் ஒரே தொடக்கம்தான் கிடைக்கும். மெட்டா பிசினஸ் சூட்டில் இரண்டையும் தனித்தனிப் பதிவாக அட்டவணை போடுவது நல்லது. ஒரே நாளில் எல்லாத் தளத்திலும் போட்டால் ரீச் (எத்தனை பேருக்குப் போய்ச் சேர்கிறது என்பது) குறையும் என்ற பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம். நாலு இடத்திலும் ஒரே நேரத்தில் கேள்வி வந்தால் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை. இல்லையென்றால் நாள் விட்டு நாள் போடுங்கள்.

மாஸ்டர் கையில் இருப்பதால் பழைய வீடியோவுக்கு மறுபடி உயிர் கொடுக்கலாம். ஐப்பசி மழை தொடங்கி வீட்டில் கல்லெல்லாம் துருப்பிடிக்கும் நேரத்தில், அதே பழக்கும் வீடியோவைத் துருத் துணி ஷாட்டில் தொடங்கும்படி வெட்டி, ‘துருவை எடுப்பது எப்படி’ என்ற புதுத் தலைப்பில் யூடியூபிலும் இன்ஸ்டாவிலும் ஏற்றலாம். குரலில் ஒரு வரி மாற்றிப் பேசினால் போதும், அடுப்பைப் பற்றவைக்கவே வேண்டாம்.