சிறுவாணியா, போர் தண்ணியா?

கோவையில் பல வீடுகளில் இரண்டு குழாய் உண்டு: ஒன்றில் சிறுவாணி அணையிலிருந்து வரும் நல்ல தண்ணி, இன்னொன்றில் ஆழ்துளைக் கிணற்றின் (போர்) உப்புத் தண்ணி. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை பெய்து பாறைமேல் ஓடி வரும் சிறுவாணி நீரில் கால்சியம், மெக்னீசியம் குறைவு. பூமிக்குள் பல நூறு அடி ஆழத்தில் பாறை இடுக்கில் கிடந்த போர் தண்ணீரோ அவற்றைக் கரைத்துக்கொண்டே மேலே வருகிறது.

வித்தியாசம் அடுப்படியில் தெரியும். போர் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மசியாது. கால்சியம் பருப்பின் சதையை இறுக்கிவிடும். சிறுவாணியில் குழைந்துவிடும். டீயின் ருசியைக் கேட்கவே வேண்டாம்.

போர் தண்ணீரென்றால் குளியலறையில் சோப்பு நுரைக்காது, தலைமுடி சிக்காகும். கீசர் காயிலில் வெள்ளைப் படலம் கல்லாய்ப் படிந்து கரண்ட் பில்லை ஏற்றும். குழாயில் படிந்த உப்புக்கு வினிகர் போதும், காயிலுக்கு ஆள்தான் வர வேண்டும்.

தண்ணீரில் இந்தக் கால்சியம், மெக்னீசியம் இருக்கும் அளவைத்தான் கடினத்தன்மை என்பார்கள்; குடிநீரில் அதற்கு இந்தியத் தர நிர்ணய வரம்பு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. கடினத்தன்மை மட்டும் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனாலும் என் கணக்கில் சமையலுக்குச் சிறுவாணிதான். போர் தண்ணி பாத்ரூம் கழுவவும், தென்னைக்கு ஊற்றவும் சரி. சிறுவாணி தினமும் வராதே, அதனால்தான் ஒவ்வொரு வீட்டிலும் இத்தனை குடம்.