கின்யருவாண்டா பிரதிப்பெயர்கள்: பட்டியல் வழியா, வினை வழியா, வகுப்பு வழியா?

ருவாண்டாவின் மொழியைக் கற்கத் தொடங்குகிறவர் கைக்கு முதலில் வந்து சேருவது ஆறு சொற்கள் கொண்ட ஒரு பட்டியல். ஞ்ஜே (நான்), வோவே (நீ), வே (அவன், அவள்), த்வே (நாம்), ம்வே (நீங்கள்), போ (அவர்கள்). ஒரே மூச்சில் மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் கிகாலியின் கிமிரோங்கோ சந்தையில் போய் நின்று காதைத் தீட்டிக்கொண்டாலும் இந்த ஆறும் அரிதாகத்தான் விழும். பேச்சில் பிரதிப்பெயர் தனியாக நடமாடுவதில்லை, வினைச்சொல்லுக்குள் ஒண்டிக்கொண்டிருக்கிறது.

இதனால்தான் கற்கும் முறையிலேயே மூன்று கட்சிகள். பட்டியலை முதலில் ஏற்றிக்கொள் என்பது ஒன்று. வினையோடு சேர்த்தே பழகு என்பது இன்னொன்று. நம் திணை போலப் பெயர்ச்சொற்களைப் பிரிக்கும் 16 பெயர் வகுப்புகளுக்குமான அட்டவணையைக் கற்றுவிடு, பிரதிப்பெயர் தானாக வரும் என்பது மூன்றாவது. தமிழராகப் பார்க்கும்போது என் வாக்கு இரண்டாவதற்கு. அதற்காக மற்ற இரண்டையும் தூக்கி எறியச் சொல்லவில்லை.

ஒலிபெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை. சொல்லின் நடுவே அழுத்தமான ககரம், தகரம் வந்தால் இரட்டித்து எழுதியிருக்கிறேன். ஒற்றையாக இருந்தால் மெல்லிய ஒலி. பன்மை முன்னொட்டான ‘ப’, நம் ‘பயம்’ என்பதில் வரும் ப.

பட்டியல் வழி ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பழகிய மூளைக்கு ஏற்றது. அவற்றில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது. தமிழில் நிற்கும். ‘வீட்டில் இருக்கிறேன்’ என்றாலே ஆள் யார் என்று தெரிந்துவிடுகிறது. கின்யருவாண்டாவும் அப்படித்தான், நமக்கு விகுதியில் இருப்பது அவர்களுக்கு வினையின் தலைமாட்டில் இருக்கிறது. ந்தி, உரி, அரி, துரி, முரி, பரி. இருக்கிறேன், இருக்கிறாய், இருக்கிறான் அல்லது இருக்கிறாள், இருக்கிறோம், இருக்கிறீர்கள், இருக்கிறார்கள். ‘ந்தி இ கிகாலி’ என்றால் கிகாலியில் இருக்கிறேன். முன்னால் ‘ஞ்ஜே’ போட்டால் பிழையில்லை, ஆனால் ‘நானாக்கும்’ என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வது போல் அழுத்தம் ஏறிவிடும். பட்டியலில் தொடங்கியவர்கள் எல்லா வாக்கியத்தையும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

வினை வழியின் பெரிய லாபம், முதல் நாள் வணக்கத்திலேயே பாடம் தொடங்கிவிடுவது. காலை வணக்கம் ஒருமையில் வரமுத்ஸே, பன்மையில் ம்வரமுத்ஸே. நன்றி உரக்கோஸே, முரக்கோஸே. எங்கே போகிறாய் என்பதற்கு ‘உகியே ஹே?’, போகிறீர்கள் என்பதற்கு ‘முகியே ஹே?’ எதிரே இருப்பவர் ஒருவரே என்றாலும் மரியாதைக்குரியவர் என்றால் பன்மைதான். நீ, நீங்கள் இடையே தமிழர் நாக்கு தினமும் போடும் கணக்கு இது. புதிதாகச் சொல்லிக்கொடுக்க எதுவுமில்லை. மறக்க வேண்டியவைதான் உண்டு. அவன், அவள் வேறுபாடு கிடையாது; இரண்டுக்கும் ஒரே ‘அ’. நாம், நாங்கள் பிரிவும் கிடையாது. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னோமா என்பதைச் சூழல்தான் காட்ட வேண்டும்.

இந்த வழியில் சிரமம் ‘நான்’ என்பதில்தான். அது வெறும் ஒரு மூக்கொலி. அடுத்து வரும் எழுத்துக்கேற்பத் தானும் மாறும், பக்கத்து எழுத்தையும் மாற்றும். ‘ர’ முன் வந்தால் இரண்டும் சேர்ந்து ‘ந்த’. பகர ஒலிக்கு முன் ‘ம்’. மரம் என்பதோடு கள் சேர்ந்து மரங்கள் ஆவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது அச்சுறுத்தலே அல்ல. இன்னொரு விதி நமக்குப் புதிது. ‘உன்னை’ என்பதற்கான கு, ‘ந்தக்குஸி’ (உன்னைத் தெரியும்) என்பதில் அழுத்தமாக வருகிறது. ‘ந்தகுக்குந்த’ (உன்னை நேசிக்கிறேன்) என்பதில் மெலிகிறது. அடுத்த அசையில் அழுத்தமான ககரம் இருப்பதால் இது விட்டுக்கொடுக்கிறது. இதற்கு டால் விதி என்று பெயர். கண்டறிந்த மிஷனரி எட்மண்ட் டாலின் பெயரை 1903இல் ஜெர்மன் மொழியியலாளர் கார்ல் மைன்ஹோஃப் சூட்டினார். விதியை உருப்போட்டுப் பேசுகிறவர் தடுமாறுவார். முழுச்சொல்லாக வாயில் ஏற்றிக்கொண்டவருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

செயப்படுபொருளும் வினைக்குள்ளேயே நடுவில் உட்காரும். ‘ந்தமுஸி’, அவரைத் தெரியும். ‘ந்தபிஸி’, அது தெரியும். ‘ஸிம்பிஸி’, தெரியாது, காதில் அடிக்கடி விழும் பதில் இது. ஒன்றல்ல, இரண்டையும் அடுக்கலாம்: ‘யக்கிமுஹாயே’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு, புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது, ‘அவர் அதை அவருக்குக் கொடுத்தார்’ என்று பொருள்.

ஆனால் இங்கேதான் வினை வழி மூச்சு வாங்குகிறது. ‘அது’ என்பதற்கு ஏன் ஓரிடத்தில் பி, ஓரிடத்தில் கி? தண்ணீர் வேண்டும் என்றால் ஏன் ‘ந்தயஷாக்க’ என்று ‘ய’? பதில் வகுப்பு அட்டவணையில்தான் இருக்கிறது. தமிழில் உயர்திணை, அஃறிணை என்று இரண்டோடு முடிந்துபோன கணக்கு அங்கே 16 வரை போகிறது. பெயர் எந்த வகுப்போ அதன் முத்திரைதான் ‘அது’, ‘அதை’, ‘என்’, ‘இந்த’ எல்லாவற்றிலும் குத்தப்படும். என் புத்தகம் ‘இகித்தபோ சஞ்ஜே’, என் வீடு ‘இன்ஸு யஞ்ஜே’, என் பிள்ளை ‘உம்வான வஞ்ஜே’, என் பிள்ளைகள் ‘அபான பஞ்ஜே’, என் மாடுகள் ‘இங்க ஸஞ்ஜே’. ருவாண்டாப் பள்ளி இலக்கணம் சுட்டுகளையும் உடைமைச் சொற்களையும் பிரதிப்பெயர் என்ற ஒரே தலைப்பின் கீழ் வைப்பது இதனால்தான். அந்த மொழியின் உள்கட்டமைப்புக்கு மிக நெருக்கமான வழி எதுவென்று கேட்டால், அட்டவணைதான்.

ஆனாலும் அதில் தொடங்கச் சொல்ல மாட்டேன். முதல் மாதப் பேச்சு முழுக்க மனிதர்களைப் பற்றியது. அதற்கு 1, 2 ஆம் வகுப்புகள் போதும். பிறகு 7, 8 (புத்தகம், பொதுவான பொருள்கள்), 9, 10 (வீடு, மாடு), தண்ணீருக்காக 6. மற்றவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். மொத்த அட்டவணையையும் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமலே இருப்பவர்கள் மொழி கற்பவர்களில் ஒரு தனி இனம்.

சுட்டுகளில் மட்டும் அட்டவணை வழியில் ஒரு இன்பம் உண்டு. ‘இக்கி கித்தபோ’ இந்தப் புத்தகம். ‘இச்சோ கித்தபோ’ உன் பக்கம் இருக்கும் அல்லது இப்போது பேசிய புத்தகம். ‘கிரிய கித்தபோ’ தள்ளித் தெரிவது. ‘சா கித்தபோ’ நம் இருவருக்கும் முன்பே தெரிந்தது. ‘இந்த’, ‘அந்த’ என்று இரண்டே வைத்திருக்கும் தமிழ்நாட்டவர் விழிக்கும் இரண்டாம் சுட்டை, ‘உந்தப் புத்தகம்’ என்று இன்றும் சொல்லும் யாழ்ப்பாணத்தவர் சட்டென்று பிடித்துவிடுவார்.

சுவாஹிலி தெரிந்தவர்களுக்குக் குறுக்கு வழி உண்டு. 2017இல் ருவாண்டாவின் ஆட்சிமொழிகளில் ஒன்றான சுவாஹிலியில் உன்னை நேசிக்கிறேன் என்பது ‘நி-ந-கு-பெந்த’. இங்கே அதே வரிசையில் ‘ந்த-கு-க்குந்த’. பாதி வேலை முடிந்தது. பள்ளமும் உண்டு. சுவாஹிலியில் மாடு, நாய் எல்லாம் உயிருள்ளவை என்பதால் மனிதருக்குரிய ‘அ’ பெறும். கின்யருவாண்டாவில் மாடு தன் வகுப்பிலேயே நிற்கும்: ‘இங்க இரி ஹே?’, மாடு எங்கே? அங்கே ‘அரி’ போட்டால் பிழை.

ஓரங்கட்டிய பட்டியலுக்கும் வேலை வரும், கொஞ்சம் பிந்தி. ‘ந்தபக்குந்த’ என்றால் உங்களை நேசிக்கிறேன், அவர்களை நேசிக்கிறேன், இரண்டுமே. பிரித்துக் காட்ட ‘ம்வே’, ‘போ’ வேண்டும். யாரது என்ற கேள்விக்கு ‘நி ஞ்ஜே’, நான்தான். ‘உம்’, ‘உடன்’ என்ற பொருள் தரும் ‘ந’ வுக்குப் பின்னும் இவையே. எழுதும்போது தன்மையையும் முன்னிலையையும் சேர்த்து எழுத வேண்டும், படர்க்கையைப் பிரித்து. ஆகவே ‘நவோவே’ அல்ல, ‘நவே’ என்றால் நீயும். ‘ந வே’ என்று இடைவெளி விட்டால் அவரும்.