வேட்டியா, நூல் சேலையா, பனியன் துணியா: பிறந்த குழந்தைக்கு எதை வெட்டித் தைக்கலாம்?

பிரசவ நாள் நெருங்கினால் தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் பீரோவிலிருந்து முதலில் இறங்குவது பழைய வேட்டியும் நூல் சேலையும்தான். இப்போது வீட்டுப் பையன்களின் டி-ஷர்ட்டும், அதாவது பனியன் துணியும், கூடச் சேர்ந்துகொள்கிறது. மூன்றும் பருத்தியாகவே இருந்தாலும் கத்தரிக்குக் கீழேயும் ஊசிக்குக் கீழேயும் மூன்றும் மூன்று விதம். ஜப்லாவுக்கு (குழந்தையின் முன்திறப்புச் சட்டை) நூல் சேலை, லங்கோடுக்கு (இடுப்பில் கட்டும் ஈரத்துணி) வேட்டி, மூன்று மாதம் தாண்டியபின் பனியன் துணி என்பதே எங்கள் கணக்கு. ஒரே ஒரு துணிதான் கையில் இருக்கிறது, நேரமும் குறைவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு நூல் சேலையை எடுங்கள்.

எதை எடுத்தாலும் வெட்டுமுன் மூன்று சோதனை. ஓரத்தில் நாலு நூல் உருவி, ஒரு தட்டின்மேல் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகும், ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். ரேஷன் கடையில் வாங்கிய பொங்கல் வேட்டி, கடையில் 'காட்டன்' என்று சொல்லித் தந்த சேலை எதற்கும் இதில் விலக்கு வேண்டாம். அடுத்தது பலம். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே துணியைப் பிடித்தால் நைந்த இடம் தனியாகத் தெரியும். அங்கே இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்து இழுங்கள். சரக்கென்று பிரிந்தால் அந்தப் பகுதி தைக்க உதவாது. கடைசியாகச் சாயம். நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, நிறம் ஒட்டினால் ஒதுக்கிவிடுங்கள்.

நூல் சேலையில் முந்தானையை விட்டுவிடுங்கள், ஜரிகை குத்தும். கால் பக்கத்து ஓரமும் தரையில் உரசி நைந்திருக்கும். இடுப்பில் சொருகும் உள்சுற்றுப் பகுதி வெயில் படாததால் பெரும்பாலும் திடமாகவே இருக்கும். ஐந்தரை மீட்டர் சேலையில் பாதி தேறினாலே எட்டு ஜப்லா கிடைக்கும். ஒன்றுக்கு 24 இஞ்ச் நீளம், 18 இஞ்ச் அகலம் வேண்டும். சேலையின் அகலத்தில் இரண்டு பீஸ் அடுத்தடுத்து அமர்ந்துவிடும், மிச்சப் பட்டை நாடாவுக்கும் கழுத்துக்கும் ஆகும்.

துணியை 12 இஞ்ச் உயரம் வரும்படி குறுக்கே மடியுங்கள். மடிப்புதான் தோள், தனியாகக் கை ஒட்ட வேண்டியதில்லை. கழுத்து அகலம் நாலரை இஞ்ச், பின்பக்க இறக்கம் அரை இஞ்ச், முன்பக்கம் இரண்டு. மடிப்பிலிருந்து நாலரை இஞ்ச் கீழே அக்குள். அதற்குக் கீழே உடம்பின் அகலம் தையலுக்கும் சேர்த்து பத்தே முக்கால். முன்பக்கம் மட்டும் நடுவில் நேராக வெட்டித் திறந்துவிடுங்கள். பிறந்த குழந்தையின் மார்புச் சுற்றளவு சுமார் 13 இஞ்ச்தான், தலை அதைவிடச் சற்றுப் பெரிது. அதனால்தான் இழுபடாத துணியில் முன்திறப்பு இல்லாமல் தைத்த சட்டை தலையிலேயே சிக்கிக்கொள்கிறது. இந்த அளவில் முடித்தபின் சுற்று 20 இஞ்ச் வரும். முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, குழந்தை வளர வளர விலகிக் கொடுக்கும்.

அக்குளைச் சதுர மூலையாக வெட்டக்கூடாது. கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் இழுவிசை அந்த மூலையில்தான் விழும், பழைய துணி முதலில் கிழிவதும் அங்கேதான். நன்றாக வளைத்து வெட்டுங்கள். பக்கத் தையலின் தடிப்பு வெளியே இருக்கட்டும். நல்ல பக்கம் இரண்டும் உள்ளே பார்க்க வைத்து அரைக்கால் இஞ்சில் ஒரு தையல், பிசிறை நறுக்கித் திருப்பி, கால் இஞ்சில் மறு தையல். பிசிறு முழுவதும் உள்ளே அடங்கிவிடும், குழந்தையின் தோலில் எதுவும் உரசாது. தையலை நெருக்கிவிடாதீர்கள். தபால்தலை ஓரம் போல வரிசையாகத் துளை விழுந்து, துணி தையலோடு பிரிந்து வரும். இஞ்சுக்குப் பத்துத் தையல், 11ஆம் நம்பர் புது ஊசி. பழுப்பேறிய பழைய ஊசி நைந்த துணியில் நூலை இழுத்து வாங்கும்.

பொத்தான் வேண்டாம், கழன்றால் வாய்க்குத்தான் போகும். மார்பில் ஒரு ஜோடி, வயிற்றில் ஒரு ஜோடி நாடா, ஒவ்வொன்றும் ஆறு இஞ்சுக்கு மேல் போகாமல். கழுத்தில் நாடாவே கூடாது.

வேட்டியின் பலம் அதன் ஈரம் உறிஞ்சும் குணம். நாலு முழ வேட்டி முழுவதும் தேறினால் 24 இஞ்ச் சதுரம் ஆறு வரும். மூலைக்கு மூலை முக்கோணமாக மடித்துக் கட்டினால் லங்கோடு, இதில் தையலே குறைவு. தொப்புள்கொடி விழும்வரை மேல் ஓரத்தைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிட வேண்டும். கூடுதல் ஈரத்துக்காக நாலைந்து மடிப்பைச் சேர்த்துத் தைப்பவர்கள் உண்டு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் அது சாயங்காலம்வரை காயாது. 5க்கு 12 இஞ்சில் தனிப் பட்டையாக மடித்து நடுவில் வையுங்கள், பிரித்துக் காயப்போடலாம். ஜப்லாவுக்கும் வேட்டி ஆகும்தான், ஆனால் கஞ்சியும் சொட்டு நீலமும் பல வருடம் ஏறிய துணி, வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசினால்தான் விறைப்பு இறங்கும். சேலைக்கு அந்த வேலை இல்லை.

வேட்டியின் குறை பிசிறு. நெய்த கரை பிரியாது, வெட்டிய ஓரம் பிரிந்துகொண்டே இருக்கும். உருவி வந்த ஒரு நூல் குழந்தையின் கால்விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும், அழுகைக்குக் காரணமும் வெளியில் தெரியாது. ஓரத்தை இருமுறை மடித்து அடியுங்கள். ஒவ்வொரு துவையலுக்குப் பிறகும் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இதே காரணத்தால் வேட்டியிலோ சேலையிலோ கையுறை தைப்பதை நாங்கள் ஒப்புவதில்லை.

பனியன் துணியில் பிசிறுத் தொல்லை இல்லை, ஆனால் ஓரம் சுருளும். இழுபடும் துணி என்பதால் வீட்டு மிதி மெஷினின் நேர்த்தையல் முதல் இழுப்பிலேயே பட்டென்று அறும். ஜிக்ஜாக் வசதி இருந்தால் அதில் அடியுங்கள். இல்லாவிட்டால் தைக்கும்போது முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடிக்க வேண்டும். ஊசி மொண்ணை முனையுள்ள பால்பாயிண்டாக இருக்கட்டும், கூர் ஊசி கண்ணியை அறுத்து ஓட்டை ஓட்டையாக ஓடவிடும். இழுபடும் திசை குழந்தையின் உடம்பைச் சுற்றி வரும்படி வெட்டுங்கள். மாறிப்போனால் சட்டை நீண்டு தொங்கும், தலைக்குள் மட்டும் நுழையாது. மார்பில் அச்சடித்த படத்தைத் தவிர்த்து வெட்டுங்கள், அந்த ரப்பர் பூச்சில் காற்று போகாது. டி-ஷர்ட்டின் கீழ் மடிப்பே குழந்தைச் சட்டையின் கீழ் ஓரமாகிவிடுவதால் அந்த வேலை மிச்சம். கையை ஏழு இஞ்சில் வெட்டி மேலே சுருக்கித் தைத்தால் தயார் குல்லா. வெளியே போகும்போது போட்டு, வீட்டுக்குள் தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

தர்மபுரியின் சித்திரை வெயிலில் பனியன் துணி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே சேலை ஜப்லா ஒன்றே போதும். தளிக் குளிரில் உள்ளே சேலை, மேலே பனியன்.

லுங்கி மெத்தை உறைக்கு நல்லது. உடம்போடு ஒட்டும் உடுப்புக்குச் சாயச் சோதனையில் தேறிய பிறகுதான்.

தைத்ததைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வெயிலில் உலர்த்துங்கள். போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து துணியிலேயே படியும். நாளாக நாளாக லங்கோடு விறைத்து, ஈரமும் உறிஞ்சாது. சோப்பைக் குறைத்து, கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒகேனக்கல் குடிநீர்த் திட்டக் குழாய்த் தண்ணீரை ஒரு வாளி ஒதுக்குங்கள். வாசனைத் துணி கண்டிஷனரும் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும், அது வேண்டாம்.